வளைகுடா வேலையா? அடிப்படைச் சம்பளத்தை முதலில் கேளுங்கள்

துபாயில் வேலை கிடைத்துவிட்டது என்றதும் வீட்டில் பெட்டி வாங்குகிறார்கள், ஊறுகாய் போடுகிறார்கள், சொந்தக்காரர்களுக்குப் போன் செய்கிறார்கள். பெட்டியைக் கடைசி நாளில்கூடக் கட்டிக்கொள்ளலாம். அதற்கு முன்பே உட்கார்ந்து படிக்க வேண்டியவை சில காகிதங்கள். அவற்றில் பிழை இருந்தால், ஊரில் இருக்கும்வரை 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். அங்கே போய் இறங்கிவிட்டால், ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய வட்டிக் கடன் அப்படிச் சொல்ல விடாது.

முதலில் விசா. "விசிட் விசாவில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் 'ஈ.சி.ஆர்.' வகையைச் சேர்ந்தது. வளைகுடா நாடுகள், மலேசியா போன்ற இடங்களுக்கு இவர்கள் வேலைக்குப் போக வேண்டுமானால், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். சென்னையில் அதற்கு அலுவலகம் இருக்கிறது. பலர் இதை அலைச்சல் என்று நினைக்கிறார்கள். ஆனால், இந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் உங்கள் முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்பது 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பதிவாகிறது. சுற்றுலா விசாவில் போகிறவருக்கு அனுமதி தேவையில்லை. ஆகவே அவர் வேலைக்குத்தான் போனார் என்பதற்கு அரசிடம் எந்தப் பதிவும் இருக்காது. தரகருக்கு வேண்டியதும் அதுதான்.

காப்பீடும் அந்த அனுமதியோடு சேர்ந்தே வருகிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் 2 ஆண்டுக்குக் கட்டணமாக 275 ரூபாய் கட்டினால், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் அடைந்தாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்ததில் 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்தச் செய்தியைப் படித்தவர்கள் 275 ரூபாயை வீண் செலவு என்று சொல்ல மாட்டார்கள்.

படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன பட்டதாரிகள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டார்கள். 2022-இல் மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு.

ஏஜென்டின் உரிம எண்ணை இ-மைக்ரேட் தளத்திலேயே சரிபார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். ரசீது கேட்டு வாங்குங்கள். 'விசா காசு' என்று லட்சக்கணக்கில் கேட்டால் அது பொய்க் கணக்கு. ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் சட்டமே சொல்கிறது.

அடுத்தது ஒப்பந்தம். அமீரகத்தில் வேலைவாய்ப்புக் கடிதம் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் தரப்பட வேண்டும். அரசு தயாரித்திருக்கும் மொழிப் படிவங்களில் தமிழும் ஒன்று. தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். படிக்கும்போது மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. 2,000 திர்ஹாம் சம்பளம் என்று இருவருக்கும் சொல்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 1,500, மீதி படிகள். மற்றவருக்கு அடிப்படை 800 மட்டுமே. மாதாமாதம் கைக்கு வருவது ஒன்றுதான். ஆனால், முதல் 5 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில்தான் பணிக்கொடை தருவார்கள். 5 ஆண்டு முடித்து ஊர் திரும்பும்போது முன்னவருக்கு 5,250 திர்ஹாம், பின்னவருக்கு 2,800. ஓவர்டைம் கூலியும் அடிப்படையை வைத்தே போடப்படுகிறது. ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் சொல்லும் அந்த ஒரு வரியைப் பற்றி ஊரிலிருந்தே பேசி முடித்துவிட வேண்டும்.

படிப்புச் சான்றிதழ் கேட்கும் வேலையானால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டியிருக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள். ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள்.

இனி பெட்டி. அம்மா அரைத்துக் கொடுக்கும் மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். நம் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் அந்தப் பொருள் அமீரகத்திலும் சவூதியிலும் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. டிரமடால் போன்ற வலி மாத்திரைகளையும் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

போய்ச் சேர்ந்த பிறகு பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அமீரகச் சட்டப்படி தவறு. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அமீரகத்தில் இந்தியத் தொழிலாளர் உதவி எண் 800 46342. ஊரில் இருப்பவர்கள் அழைக்க வேண்டிய இலவச எண் 1800 11 3090. இரண்டையும் அந்த நகலின் மேலேயே எழுதி வையுங்கள்.