விழிப்புலனற்ற மாணவரும் வகுப்பறை மொழியும்

பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890ஆம் ஆண்டில் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். ஆயினும் தனிப்பள்ளிகளோடு பணி முற்றுப்பெறுவதில்லை. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெறும் பள்ளிகள் மாற்றுத்திறனாளிகளையும் பிறரோடு சேர்த்துக் கற்பித்தல் வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். தஞ்சை வட்டாரப் பள்ளிகளுக்குத் தாளாளராகும் ஆயர்கள் இதனை நன்கு அறிந்திருத்தல் அவசியம்.

காவிரிப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் படத்தில் கோலை வைத்து, "இங்கே பிரிந்து இப்படிப் போகிறது" என்கிறார். பார்வையற்ற மாணவருக்கு அச்சொற்களில் ஆறே இல்லை. அட்டையில் நூலை ஒட்டி, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிவதைப் பெயர் சொல்லியபடியே விரலால் தடவச் செய்யலாம். செலவு அற்பமே. (கண்ணுள்ள பிள்ளைகளும் அவ்வட்டையை விட்டு நகர மாட்டார்கள்!)

எழுத்துக்கூட்டுவதில் இன்னும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. அச்சில் 'கெ' என்பதற்குக் கொம்பு முன்னே நிற்கிறது. பிரெயிலிலோ ககரப் புள்ளிகளுக்கு அடுத்தே எகரப் புள்ளிகள் வரும்; நாம் ஒலிக்கும் முறையும் அதுவே. ஆகவே "கொம்பு போடு" என்பது அம்மாணவருக்குப் பொருளற்ற கட்டளை. "ககரத்தோடு எகரம்" எனில் வகுப்பு முழுவதற்கும் விளங்கும்.

ஓய்வுநாட் பள்ளியிலும் இவ்வாறே செய்யலாம். யோர்தானுக்கும் ஒரு முழ நூல் போதும்.