‘ஹோஸ்ட் இஸ் டவுன்’ என்று கர்னல் சொன்னால்

நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் சாயங்காலம் நின்றால், அம்பத்தூர் எஸ்டேட்டிலும் திருமழிசையிலும் ஷிப்ட் முடித்து வருகிறவர்களின் பேச்சு காதில் விழும். ஒரு சின்னப் பட்டறையில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் தம்பி அங்கேதான் இதைக் கேட்டார். “சார், சிஎன்சி மெஷினுக்கு பிங் நல்லாப் போகுது. ஃபோல்டர் மட்டும் மவுண்ட் ஆக மாட்டேங்குது. ‘ஹோஸ்ட் இஸ் டவுன்’னு எர்ரர் 112 வருது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல புது லினக்ஸ் போட்டதுலேர்ந்துதான் இப்படி.”

பட்டறைக்குப் பட்டறை இருக்கும் சிக்கல் இது. மெஷினின் இரும்பு உடம்புக்கு இன்னும் பல வருஷம் ஆயுசு இருக்கிறது. அதை ஓட்டும் கம்ப்யூட்டரிலோ விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. கன்ட்ரோலரை மாற்ற லட்சக்கணக்கில் ஆகும் என்பதால் முதலாளி மாற்ற மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எக்ஸ்பி தன் ஃபோல்டரைப் பகிர்வது எஸ்எம்பி என்ற நெறிமுறையின் முதல் பதிப்பில். 1980-களில் ஐபிஎம்மில் பிறந்தது அது. பிறகு மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது; 1996 வாக்கில் சிஃப்ஸ் என்று பெயரும் வைத்தது. லினக்ஸின் மையமான கர்னலில் இதற்கான பகுதிக்கு இன்றும் அந்தப் பெயர்தான். இரண்டாம் பதிப்பு விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது, மூன்றாவது விண்டோஸ் 8-ஓடு. எக்ஸ்பிக்கு இந்த இரண்டுமே தெரியாது.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது நினைவிருக்கும். அது நுழைந்தது விண்டோஸின் எஸ்எம்பி முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக. அந்த வருஷம் செப்டம்பரில் வந்த லினக்ஸ் 4.13 கர்னலில், பதிப்பு எது என்று சொல்லாமல் மவுண்ட் செய்தால் பழையதைப் பேசும் வழக்கத்தை நிறுத்தினார்கள். இப்போது 2.1 அல்லது அதற்கு மேல் எதுவோ அதைத்தான் கர்னல் தானாகப் பேசிப் பார்க்கும். எக்ஸ்பி அதற்குச் சரியான பதில் தராது. பதில் வராததால் ‘அந்தப் பக்கம் ஆள் இல்லை’ என்று கர்னல் முடிவு கட்டுகிறது. 112 என்ற எர்ரர் வருவது இப்படித்தான். கேபிளையும் ஸ்விட்சையும் கழற்றிப் பார்த்து நாளை வீணாக்க வேண்டாம். ‘டிமெசேஜ்’ கொடுத்துக் கர்னல் லாகைப் பாருங்கள். இயல்பான பதிப்பு மாறிவிட்டது, பழைய சர்வருக்கு ‘வெர்ஸ்’ 1.0 என்று குறிப்பிடு என்று அதிலேயே எழுதியிருக்கும்.

மவுண்ட் செய்யும்போது அதைக் குறிப்பிட்டாலே பெரும்பாலும் வேலை முடிந்தது. முடியாவிட்டால்தான் கர்னல் அமைப்புக்குள் போக வேண்டும். ‘பூட்’ ஃபோல்டரில் ஓடுகிற கர்னலின் ‘கான்ஃபிக்’ கோப்பு இருக்கும். அதில் ‘சிஃப்ஸ்’ என்று தேடுங்கள். முதல் வரி, இந்த வசதி கர்னலில் இருக்கிறதா என்பதற்கு. ‘எம்’ என்றிருந்தால் தனி மாட்யூலாக இருக்கிறது, ‘ஒய்’ என்றால் கர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே ‘அலோ இன்செக்யூர் லெகசி’ என்று முடியும் வரி ஒன்று உண்டு. 4.18 கர்னலில், 2018-ல், சேர்த்தது. அது அணைந்திருந்தால் 1.0, 2.0 இரண்டையும் நீங்கள் கேட்டாலும் கர்னல் மறுத்துவிடும். பழைய பதிப்பு முடக்கப்பட்டிருக்கிறது என்று லாகிலும் எழுதும். மூலத்தில் அது இயல்பாக ‘ஒய்’தான். பாதுகாப்பை இறுக்கிக் கட்டிய கர்னல்களில் அணைத்திருப்பார்கள். அப்படியானால் ‘மெனுகான்ஃபிக்’கில் ஃபைல் சிஸ்டம்ஸ், அதற்குள் நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்ஸ், அதற்குள் சிஃப்ஸ் என்று போய் அதை இயக்கிவிட்டுக் கர்னலைக் கட்ட வேண்டும்.

இதற்காகப் பழைய கர்னலுக்கே திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு பழைய நெறிமுறைக்காக, பல வருஷமாக அடைத்த அத்தனை ஓட்டைகளையும் திரும்பத் திறந்துவிடுகிறீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். யார் யாரிடம் போகிறார்கள்? லினக்ஸ் போய் மெஷினின் ஃபோல்டரைத் திறந்தால்தான் மேலே சொன்ன கர்னல் விஷயம். மெஷின் வந்து லினக்ஸில் இருக்கும் ஃபோல்டரைத் திறக்கிற ஏற்பாடு என்றால் அங்கே பேசுவது சம்பா. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கிய மென்பொருள். அது கர்னலுக்கு வெளியே ஓடுகிறது. 2019-ல் வந்த 4.11-லிருந்து சம்பாவும் பழைய பதிப்பை இயல்பாக மூடிவைத்திருக்கிறது. அதைத் திறப்பது அதன் அமைப்புக் கோப்பில். கர்னலைத் தொடவே வேண்டாம்.

எப்படித் திறந்தாலும் ஆபத்து ஆபத்துதான். எக்ஸ்பி மெஷினை ஆபீஸ் நெட்வொர்க்கில் நேரடியாக விடக்கூடாது. நான் எல்லாருக்கும் சொல்வது, நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்றில் மெஷின்கள் மட்டும் இருக்கும் ஸ்விட்ச், இன்னொன்றில் ஆபீஸ். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு பாக்கெட் தாவக்கூடாது. அந்த ஃபார்வர்டிங் அணைந்திருக்க வேண்டும். டிசைன் செய்கிறவர் ப்ரோக்ராமைப் பெட்டியில் இருக்கும் ஃபோல்டரில் எஸ்எம்பி 3 வழியாகப் போடுவார். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அதை மெஷினுக்கு நகலெடுக்கும். பழைய பதிப்பு நடமாடுவது மெஷின்கள் இருக்கும் ஸ்விட்சில் மட்டும். பெட்டியின் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் அந்த மவுண்ட் வரியோடு ‘நோஃபெயில்’ சேர்க்க மறக்காதீர்கள். திங்கட்கிழமை காலையில் மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் முன் பெட்டியை ஆன் செய்தால், மவுண்ட் ஆகவில்லையே என்று பெட்டி பூட் ஆகாமல் நின்றுவிடக்கூடாது.

எக்ஸ்பியை விடப் பழையது, விண்டோஸ் 98 போல ஏதாவது மெஷினில் இருந்தால்? 2021-ல் வந்த 5.15 கர்னலில் சிஃப்ஸ் பகுதியிலிருந்து என்டிஎல்எம் என்ற பழைய கடவுச்சொல் முறையையே எடுத்துவிட்டார்கள். அதன் இரண்டாம் வடிவம் இருக்கிறது, எக்ஸ்பிக்கு அது போதும். அதற்கு முந்தியவற்றில் பல மாட்டிக்கொள்ளும். இதற்குக் கர்னல் அமைப்பில் திருப்பிப்போடச் சுவிட்சும் இல்லை. அப்படிப்பட்ட மெஷினின் பின்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் ஆர்எஸ் 232 போர்ட் இருக்கும். யுஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிள் வாங்கி, இரண்டு பக்கமும் வேகத்தையும் பேரிட்டியையும் ஒன்றாக வைத்தால், நெட்வொர்க்கே இல்லாமல் ப்ரோக்ராம் போய்ச் சேரும்.