மைக்ரோ சர்வோ: எங்கே வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது?

மினி புராஜெக்ட் சீசன் வந்தாச்சு. விருதுநகர், சிவகாசிப் பக்கம் படிக்கிற நம்மில் பலருக்கும் ஒரு தடவையாவது இந்த ஐடியா தோணியிருக்கும்: "பட்டாசு மருந்தை மனுஷனுக்குப் பதிலா ஒரு ரோபோ கை கலக்கினா என்ன?" எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கைக்கு நாம் வாங்கப்போவது பெரும்பாலும் நீல நிற எஸ்ஜி90 மைக்ரோ சர்வோ. அதுக்குள்ளே என்ன நடக்குதுன்னு முதலில் பார்த்துடுவோம்.

உள்ளே என்ன இருக்கு?

எடை வெறும் 9 கிராம். உள்ளே ஒரு குட்டி டிசி மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பிளாஸ்டிக் கியர்கள், அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று காட்டும் பொட்டென்ஷியோமீட்டர், ஒரு கட்டுப்பாட்டு போர்டு. நாம் கேட்கும் கோணத்தையும் இப்போதைய கோணத்தையும் போர்டு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் இருக்கும்வரை மோட்டாரைச் சுற்றும். இரண்டும் ஒன்றானதும் நிறுத்திவிடும்.

நொடிக்கு 50 முறை, அதாவது 20 மில்லி செகண்டுக்கு ஒன்றாக, சிக்னல் ஒயரில் துடிப்பு அனுப்புகிறோம். துடிப்பின் நீளம் 1.5 மில்லி செகண்ட் என்றால் அச்சு நடுவில் நிற்கும். குறைத்தால் ஒரு பக்கம், கூட்டினால் மறுபக்கம். பிரவுன் ஒயர் கிரவுண்ட், சிவப்பு பவர், ஆரஞ்சு சிக்னல். ஆர்டுயினோவின் சர்வோ லைப்ரரி மீதிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும்.

எவ்வளவு தூக்கும்?

4.8 வோல்ட்டில் 1.8 கிலோ-செ.மீ. டார்க் என்று டேட்டாஷீட்டில் இருக்கும். 1.8 கிலோ தூக்கும்னு நினைச்சுடாதீங்க. அது அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில், மோட்டார் திணறி நிற்கும் எல்லை. கை 10 செ.மீ. நீளம் என்றால் 180 கிராம்தான். எல்லையிலேயே ஓட்டினால் கியர் பல் போயிடும். அதில் மூன்றில் ஒரு பங்கு, 60 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்க. கையின் சொந்த எடைக்கும் அதிலேயே இடம் விடணும்.

திணறும்போது ஒரு சர்வோவே அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நாலைந்தை ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னில் மாட்டினால் போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். தனி 5 வோல்ட் சப்ளை கொடுங்க. இரண்டின் கிரவுண்டையும் மறக்காமல் இணையுங்க.

மருந்து பக்கம் வேண்டாம்

அந்தக் குட்டி மோட்டாரில் பிரஷ் இருக்கு. பிரஷ் கம்யூட்டேட்டரில் உரசும் இடத்தில் சின்னச் சின்னப் பொறி வந்துகொண்டே இருக்கும். சர்வோவின் பிளாஸ்டிக் உறை தூசு புகாத உறையும் இல்லை. பட்டாசு மருந்துக்கோ உராய்வு, நிலை மின்சாரம், பொறி மூன்றுமே ஆபத்து. ஷெட்டுக்குள் போகுமுன் தொழிலாளர்கள் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்குவதே இதனால்தான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் கிட்டத்தட்ட 40 பேரை இழந்த ஊர் நம்முடையது. மனுஷனைக் காப்பாற்ற வைக்கும் கையே பொறியைக் கொண்டுபோய்ப் போடக்கூடாது.

அங்கே வெடி அபாயப் பகுதிக்கென்றே சோதித்துச் சான்றளித்த கருவிகளைத்தான் வைக்கணும். ஹாபி சர்வோ அந்த வகையில் வராது. இதில் உண்மையிலேயே இறங்க நினைக்கிறவங்களுக்கு, மத்திய அரசின் பெசோ அமைப்பு நடத்தும் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் சிவகாசியிலேயே இருக்கு.

அப்போ என்ன செய்யலாம்?

மருந்தே இல்லாத வேலை இங்கே நிறைய இருக்கு. அச்சகத்திலிருந்து வரும் காலி அட்டைப்பெட்டிகளை நிறம் பார்த்துப் பிரிக்க, கன்வேயர் ஓரம் ஒரு கலர் சென்சாரும் தட்டிவிட ஒரு சர்வோவும் போதும். காலிப் பெட்டிதானே, 60 கிராம் கணக்குக்குள் அடங்கிடும்.

இன்னொன்று: வேலை ஷெட்டில் 4 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அட்டையில் ஒரு ஷெட் மாடல் செய்து, வாசலில் சென்சார் வைத்து, ஐந்தாவது ஆள் நுழைந்ததும் சர்வோ சிவப்புக் கொடி தூக்குவது போல வையுங்க. கதவைப் பூட்டுவது போல மட்டும் வைக்காதீங்க. ஆபத்தில் வெளியே ஓட வழி வேணும். கலவை செய்யும் கைதான் வேணும்னா கோலப்பொடியை வைத்துக் காட்டுங்க, பக்கத்திலேயே "மாடல் மட்டும்" என்று பெரிசா எழுதி ஒட்டுங்க. ரிவ்யூவில் "இதை ஏன் ஃபேக்டரியில் வைக்கக்கூடாது?" என்று கேட்டால், இப்போ உங்ககிட்ட பதில் இருக்கு.