மாற்றிய கியர்பெட்டியும் சூடாகிறதா?

புலம்பெயர்ந்த நாட்டில் கார் எமக்கு ஆடம்பரப் பொருளல்ல. இரவு வேலைக்கும் பிள்ளைகளின் பாடசாலைக்கும் அதையே நம்பியிருக்கிறோம். கடன்பட்டு ஓட்டோமற்றிக் கியர்பெட்டியை மாற்றிய பின்பும் அது சூடானால் மனம் சோர்ந்துவிடும். எமது பழைய வானுக்கும் இதுவே நடந்தது. "இந்தப் பெட்டியும் பழுது, வேறொன்று போடவேண்டும்" என்றார் கராஜ்காரர். பழுதோ வேறிடத்தில் இருந்தது.

பழைய பெட்டி கெடும்போது தேய்ந்த கிளட்ச் துகள்களும் உலோகத்தூளும் எண்ணெயோடு போய்க் கூலருக்குள் தங்கிவிடும். பல கார்களில் இந்தக் கூலர் றேடியேற்றருக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கழுவாமலோ மாற்றாமலோ புதுப் பெட்டியைப் பூட்டினால் எண்ணெய் சரிவர ஓடாது, சூடும் தணியாது. எமது வானில் அடைபட்டிருந்ததும் அதுதான்.

ஆகவே, பெட்டியை மறுபடி கழற்ற முன்னர் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்:

1. எண்ணெய்: கார் கம்பனி குறிப்பிட்ட வகைதானா? அளவு குறைந்தாலும் கூடினாலும் நுரைத்துச் சூடேறும். அளவு பார்க்கும் முறை காருக்குக் கார் வேறுபடும், கைநூலைப் பாருங்கள். எரிந்த மணமும் கபில நிறமும் இருந்தால் எண்ணெய் கருகிவிட்டது. பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாக இருந்தால் றேடியேற்றர் நீர் கலந்துவிட்டது. காரை ஓட்டவே வேண்டாம்.

2. வெப்பம்: பெரும்பாலான கார்களில் 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை வழமையானது. 120 பாகையைத் தாண்டி நீடித்தால் எண்ணெய் விரைவில் கெடும். சென்சர் பிழையாகவும் காட்டலாம். வேறு வெப்பமானியாலும் அளக்கவேண்டும்.

3. கூலர்: எண்ணெய் சூடாக இருக்கையில், கூலரிலிருந்து திரும்பிவரும் குழாயில் எவ்வளவு எண்ணெய் வருகிறதென அளக்கலாம். பல கார்களில் அரை நிமிடத்துக்குச் சுமார் ஒரு லீற்றராவது வரவேண்டும். இது கராஜ்காரர் செய்யவேண்டிய வேலை; நீங்கள் முயலவேண்டாம்.

4. ரோர்க் கொன்வேர்ட்டர்: நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது இதன் உள்ளே உள்ள கிளட்ச் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாவிட்டால் வழுக்கி வழுக்கியே சூடேற்றும்.

ஓடும்போது எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். "வீடு மட்டும் போய்விடலாம்" என்று ஓட்டி நல்ல பெட்டியையும் கெடுக்காதீர்கள்.

இனிப் பெட்டி மாற்றப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கூலரைக் கழுவியதா, மாற்றியதா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். அது இல்லையேல் உத்தரவாதம் செல்லாது என்று பெட்டி விற்பவர்கள் பலர் நிபந்தனை வைத்திருக்கிறார்கள். பாஷை தடக்கினால் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, காசு எங்களுடையது.