மின்சாரக் காரும் பூட்டிக்கொள்ளும் சக்கரமும்

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்திலேயே, பிரேக்கைத் தொடுமுன்பே, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் மின்சாரக் கார் வேகம் தணிவதை அதில் பிரயாணம் செய்தவர்கள் கவனித்திருப்பார்கள். அதுவரை சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்த மோட்டார், அந்த க்ஷணமே சக்கரத்தால் சுழற்றப்படும் டைனமோவாக மாறி, உஷ்ணமாகிக் காற்றில் வீணே கலந்திருக்க வேண்டிய சக்தியை மின்சாரமாக்கிப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. மிகவும் போற்றத்தக்க ஏற்பாடு இது. ஆயினும் இதற்குள் ஓர் அபாயமும் அடங்கியிருக்கிறது என்பதை, வண்டி வாங்குகிறவர்களுக்கு எடுத்துச் சொல்வோர் குறைவு.

சாதாரண பிரேக் நான்கு சக்கரங்களையும் பிடிக்கிறது. மோட்டாரோ தன்னோடு இணைந்த சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்சக்கரங்களை மோட்டார் சுழற்றும் கார் ஒன்று மழையில் நனைந்த வளைவில் செல்லும்போது ஓட்டுபவர் சட்டென்று காலை எடுத்தால், வேகம் தணிவதனால் பாரம் முன்பக்கம் சாய, பின்சக்கரங்களின்மேல் அழுத்தம் குறைய, அழுத்தம் குறைந்த அந்தச் சக்கரங்களையே மோட்டார் பலமாகத் தடுக்கிறது. சக்கரத்தின் வேகம் வண்டியின் வேகத்தைவிட நூற்றுக்கு 10 முதல் 20 பங்குவரை குறைந்திருக்கும் நிலையில்தான் டயரின் பிடிப்பு உச்சத்தில் இருக்கும்; அதையும் தாண்டினால் பிடிப்பு தளர்ந்து, சக்கரம் அடியோடு நின்று, ஓட்டுநர்கள் 'லாக் ஆகிவிட்டது' என்று சொல்லும் நிலை வந்துவிடுகிறது. நின்றுபோன சக்கரத்துக்குப் பக்கவாட்டில் தாங்கும் சக்தி ஏறக்குறைய இல்லை; ஆகையால் பின்பக்கம் வீசப்பட்டு வண்டியே சுழன்றுவிடக்கூடும். நிற்பவை முன்சக்கரங்களானால், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரேதான் போகும்.

சக்கரம் நிற்கப்போவதை முன்னரே உணர்ந்து, பிரேக் ஆயிலின் அழுத்தத்தை வினாடிக்குப் பலமுறை தளர்த்தி ஏற்றும் ஏ.பி.எஸ். சாதனத்தை பாஷ் நிறுவனம் 1978இல் மெர்ஸிடிஸ் காருக்கு அளித்தது. அதை அப்படியே மின்சார வண்டியில் பொருத்தினால் போதாது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது மோட்டாரின் ரோட்டார் ஏறக்குறைய 9 சுற்றுச் சுற்றும்படி கியர் அமைந்திருந்தால், ரோட்டாரின் ஜடத்துவம் சக்கரத்தின்மேல் 9 மடங்காக அல்ல, 9இன் வர்க்கமாகிய 81 மடங்காக ஏறுகிறது. பிரேக் தளர்ந்த பின்பும் அத்தனை சுமையையும் சாலையின் உராய்வே மீண்டும் சுழலவைக்க வேண்டியிருப்பதால், சக்கரம் பழைய வேகத்தை எட்டத் தாமதமாகிறது.

மோட்டாரின் பிடியிலிருந்து ஆயில் பிரேக்குக்குப் பொறுப்பு கைமாறும் க்ஷணமும் மிக நுட்பமானது. 2010 பிப்ரவரியில் டொயோட்டா, பிரியஸ் முதலிய ஹைப்ரிட் கார்களில் உலகெங்கும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திருப்பி அழைத்தது. மேடுபள்ளத்திலோ வழுக்கும் இடத்திலோ ஏ.பி.எஸ். வேலைசெய்யத் தொடங்குகையில், ஒரு கணம் பிரேக் நழுவியது போன்ற உணர்ச்சி ஓட்டுபவருக்கு உண்டாயிற்று. அதற்காக மாற்றப்பட்டது இரும்போ ரப்பரோ அல்ல, ஏ.பி.எஸ்ஸை நடத்தும் மென்பொருள்தான்.

இன்றும் பல கார்களில் ஏ.பி.எஸ். விழித்தவுடன் மோட்டாரின் தடுப்பைக் குறைத்தோ நிறுத்தியோ, ஆயில் பிரேக்கிடமே காரியத்தை ஒப்படைத்துவிடுகிறார்கள். இது பத்திரமான வழிதான். ஆனால் சிறந்த வழி என்று என் மனம் ஒப்பவில்லை. ஆயிலின் அழுத்தம் மாறுவதைக் காட்டிலும் மிக விரைவாக, சில மில்லிவினாடிகளிலேயே, மோட்டாரின் விசையை மாற்றிவிட முடியும்; சக்கரத்தின் சென்ஸார் அபாயத்தைத் தெரிவித்தவுடன் பிடியை விடுவதோடு, தேவையானால் சக்கரத்தை ஒரு கணம் முன்னோக்கித் தள்ளிவிடவும் மோட்டாரால் முடியும். பெட்ரோல் கார்களிலேயே, எஞ்சினின் இழுப்பால் சக்கரம் வழுக்கும்போது த்ராட்டிலைச் சற்றுத் திறந்துவிடும் ஏற்பாடு உண்டு. அதைவிடத் துரிதமாகச் செய்யவல்ல யந்திரத்தை வேலையிலிருந்து விலக்கிவைப்பதில் என்ன லாபம்?

மழைக்காலத்தில் மின்சாரக் கார் ஓட்டுபவர்கள், அவ்வசதி இருக்கும் வண்டியானால் மோட்டார் தடுப்பின் அளவைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காமல் மெல்ல மெல்ல எடுப்பது நலம்.