கும்மென்ற ஓசைக்கு எந்தக் கம்பி?

கற்பிட்டிக் கரையில் வாசிக்கப்படும் பேஸ் கிட்டாரின் கம்பியை விரலால் ஒருமுறை நீவிப் பாருங்கள். ஒரு சோளகக் காலம் மேடையேறிய கம்பி என்றால் விரல்நுனி செம்பழுப்பாகிவிடும். புதிதாகப் போட்டபோது கணீர் கணீரென்று அடித்த கம்பி இப்போது மங்கி ஒலிக்கும். "பழசானால்தான் சத்தம் கனியும், கழற்றாதே" என்று மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை. மறுபாதி, இந்தக் கரையில் கிட்டாரையே கெடுத்துவிடும்.

பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அது தனியாக அதிர்வதில்லை. 82, 123, 165 என்று மடங்கு மடங்காக மேற்றொனிகளும் கூடவே எழுகின்றன. ஆயிரங்களைத் தொடும் மேற்றொனிகள் பலமாக இருந்தால் காதுக்குக் கணீரென்று கேட்கும். அவை சீக்கிரம் அடங்கினால் கும்மென்று கேட்கும். அடக்குவது எது என்பதுதான் கேள்வி.

பேஸ் கம்பிக்குள்ளே உருக்கு நடுக்கம்பி ஒன்று இருக்கிறது. அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். சுற்றிய கம்பி உருண்டையானால் அது ரவுண்ட்வவுண்ட். சுற்றுக்குச் சுற்று பள்ளம் விழும். அந்தப் பள்ளங்களில் வியர்வையும் தோலின் எண்ணெயும் அழுக்கும் அடையும்போது மேற்றொனிகளின் சக்தி உராய்விலே வெப்பமாகிப் போகிறது. பழைய கம்பி மங்குவது இதனால்தான். கழற்றிக் கொதிநீரில் போட்டெடுத்தால் சில நாட்களுக்குப் பழைய கணீர் திரும்பிவருவதே அதற்குச் சாட்சி. உருண்டைக் கம்பிக்குப் பதிலாகத் தட்டையான நாடாவைச் சுற்றினால் அது ஃபிளாட்வவுண்ட். மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும், விரல் நகரும்போது கீச்சொலி எழாது, மேற்றொனிகள் முதல் நாளிலிருந்தே அடக்கமாக இருக்கும்.

1960களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், லா பெல்லா நிறுவனத்தின் ஃபிளாட்வவுண்ட் கம்பிகளை அறுந்தாலொழிய மாற்றாதவர். பிரிட்ஜ் மூடிக்குள் நுரைப்பஞ்சு, மீட்டுவதற்கு ஒற்றைச் சுட்டுவிரல். கம்பியை மாற்றாதே என்பவர்கள் இன்றும் அவரைத்தான் காட்டுவார்கள். ஆனால் டெட்ராய்ட் நன்னீர் ஏரிகளின் ஊர்.

நம்முடையதோ உப்பின் ஊர். பாலாவி உப்பளங்களில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் அதே உப்புத்தான், அலை உடையும்போது நுண்துளியாகிக் காற்றில் ஏறி, திறந்துவைத்த கிட்டாரிலும் படிகிறது. சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடற்கரை இரவுகளில் அது சாதாரணம். நிக்கல் முலாம் பூசிய உருக்குக் கம்பியில், பிரெட்டில் உரசி முலாம் தேய்ந்த இடத்தைக் குளோரைட்டு அயன்கள் பிடித்துக்கொள்ளும். நிக்கலை ஒட்டியிருக்கும் இரும்பு, தனித்திருக்கும் இரும்பைவிட வேகமாக அரிபடும்.

துரு எல்லா இடத்தையும் சமமாகத் தின்னாது. கம்பியின் கனம் இடத்துக்கிடம் மாறிப்போனால் மேற்றொனிகள் சரியான மடங்குகளில் நிற்கமாட்டா. திறந்த கம்பி சுருதி சேர்ந்திருக்கும், பன்னிரண்டாம் பிரெட்டில் பிசகும். போதாததற்குத் துரு அரம்போலப் பிரெட்டையும் தேய்க்கும். இதைக் கனிவு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

பருத்தி வலையை விட்டு நைலோன் வலைக்கு மாறிய கரை இது. கிட்டாருக்கும் அந்த வழி உண்டு. உலோகச் சுற்றின்மேல் கறுப்பு நைலோன் நாடா சுற்றிய கம்பிகளில் விரல் படும் இடத்தை உப்பு எளிதில் தொடாது, ஒலியும் நன்றாகக் கனிந்திருக்கும். தடிப்பு கூடியவை என்பதால் நட்டின் காடியைச் சற்று அகலப்படுத்த வேண்டிவரலாம். துருவேறா உருக்கு நாடா சுற்றிய ஃபிளாட்வவுண்ட்தான் என் முதல் தெரிவு. அதே உலோகம் உருண்டைச் சுற்றில் வந்தால் எல்லாவற்றிலும் கூர்மையாக ஒலிக்கும். சுற்றும் விதம் அவ்வளவு பெரிய வேறுபாட்டைச் செய்கிறது. ஃபிளாட்வவுண்டின் இழுவிசை பெரும்பாலும் அதிகம், ஆகவே கழுத்தின் வளைவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்றொனிகளை அடக்குவதிலும் அளவு வேண்டும். சிறிய ஒலிபெருக்கியால் 41 ஹேர்ட்ஸைச் சரிவர எழுப்ப முடியாது. 82, 123 கேட்டால் மூளையே அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும். அவற்றையும் அடக்கிவிட்டால் சுரமே காணாமல் போகும். மேலே உள்ளதை மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும். பைலாவின் வேர்களோடு உறவுள்ள சிறாம்பியடி ஆபிரிக்க வம்சாவளியினரின் மஞ்ஞா இசையைக் கேளுங்கள். சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் போத்தல் என்று மேல்தளம் முழுக்கக் கூரிய ஒலிகள். அப்படிப்பட்ட தாளத்தோடு பேஸ் சேரும்போது அதன் இடம் கீழே.

கம்பி வாங்கக் காசு சேரும்வரை, பிரிட்ஜ் பக்கமிருந்து கையைக் கழுத்துப் பக்கம் நகர்த்தி மீட்டிப் பாருங்கள், உயர்ந்த மேற்றொனிகள் குறைந்துவிடும். வாசித்து முடிந்ததும் கம்பிகளை உலர்ந்த பருத்தித் துணியால், அடிப்பக்கமும் சேர்த்து, துடைத்துவிட்டு உறைக்குள் வையுங்கள்.