கையை ஊன்றி விழுந்தால்...!

கால் இடறுகிறது. உடம்பு சாய்கிறது. அந்த நொடியில் நாம் எதையும் யோசிப்பதில்லை. ஆனால் கை சும்மா இருப்பதில்லை! நாம் சொல்லாமலே முன்னால் பாய்ந்து போய்த் தரையில் ஊன்றிக்கொள்கிறது. மூக்கு தப்பியது. பல் தப்பியது. அடி முழுவதையும் கை வாங்கிக்கொண்டது.

குழந்தையும் இப்படித்தான் விழுகிறது. வாலிபனும் இப்படித்தான் விழுகிறான். பாட்டியும் இப்படித்தான் விழுகிறாள். விழுகிற விதம் ஒன்றுதான். ஆனால் ஆளுக்கு ஆள், வயசுக்கு வயசு, உடைகிற இடம் வேறு!

ஒரு கையில் 32 எலும்புகள்

கை என்றால் விரல் முதல் முழங்கை வரை என்று பலர் நினைக்கிறார்கள். டாக்டர்களின் கணக்கு வேறு. அவர்களுக்குக் கை கழுத்தடியிலேயே தொடங்கிவிடுகிறது.

முன்னால் காறை எலும்பு. பின்னால் தோள்பட்டை எலும்பு. மேல்கையில் ஒன்று. முன்கையில் இரண்டு. மணிக்கட்டில் கூழாங்கற்களைப் போல எட்டு. உள்ளங்கையில் ஐந்து. விரல்களில் பதினான்கு. கூட்டிப் பாருங்கள்: 32. இரண்டு கைகளுக்கும் சேர்த்து 64. வளர்ந்த மனிதனின் உடம்பில் உள்ள எலும்புகள் மொத்தமே 206தான்!

இன்னொரு வேடிக்கை. உங்கள் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டுங்கள். என்ன தெரிகிறது? விரல் அசையும்போது, அதற்கு ஒரு முழத் தூரத்தில் உள்ள தசை துடிக்கிறது! விரலை இறுக மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை. முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற நாண்கள் மணிக்கட்டு வழியாக விரல் நுனிவரை ஓடுகின்றன. பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுக்கிறார். பொம்மை முன்னால் ஆடுகிறது. அப்படித்தான் இதுவும்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி சொல்லப் போகிற விஷயத்துக்கு இது வேண்டும்.

கொய்யா மரத்துப் பையன்

எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான். ஏழு வயது. கோடை விடுமுறையில் ஒரு நாள் பிற்பகல், கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். அவனை மேலே ஏறச் சொன்னவர்களில் நானும் ஒருவன். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

கையை ஊன்றித்தான் விழுந்தான். முழங்கை உடனே வீங்கிவிட்டது. அவனுடைய பாட்டி விளக்கெண்ணெய் காய்ச்சி, ‘சுளுக்காக இருக்கும்’ என்று நீவிவிட்டாள். அவன் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. சாயங்காலம் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய், மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இரவெல்லாம் பையன் அழுதான். ‘கட்டை அவிழ்த்துவிடுங்கள்’ என்று கெஞ்சினான். ‘கட்டு என்றால் வலிக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொள் கண்ணு’ என்று அவனுடைய அம்மா மடியில் போட்டுத் தட்டினாள். விடியற்காலையில் அழுகை நின்றது. எல்லோருக்கும் நிம்மதி. வலி விட்டுவிட்டது என்று நினைத்தார்கள்.

வலி விடவில்லை. உணர்ச்சி விட்டுவிட்டது!

பல நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் மணிக்கட்டு உள்பக்கமாக வளைந்து, விரல்கள் மடங்கி, கை பறவையின் கால்போல ஆகிவிட்டது. விரல்களை அவனால் நீட்ட முடியவில்லை. இன்று அவருக்குக் குழந்தைகள் இருக்கின்றன. கையெழுத்தை இடது கையால் போடுகிறார். நல்ல மனிதர். என்னை எங்கே பார்த்தாலும் சிரிப்பார். எனக்குத்தான் அந்தக் கையைப் பார்க்க முடிவதில்லை.

கதை எழுதிய டாக்டர்

இந்தக் கோளாறை 1881-ம் வருஷத்திலேயே ஒருவர் விளக்கி எழுதிவிட்டார். அவர் பெயர் ரிச்சர்டு வோல்க்மன். ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சைப் பேராசிரியர். அவர் ஒரு கதாசிரியரும்கூட! 1870-71-ல் நடந்த பிரெஞ்சு யுத்தத்தில் ராணுவ டாக்டராகப் பாரிஸ் நகருக்கு வெளியே முகாமிட்டிருந்தபோது, ‘லியாண்டர்’ என்ற புனைபெயரில் தேவதைக் கதைகள் எழுதினார். அவரை ஜெர்மானியக் குழந்தைகள் அந்தக் கதைகளால் அறிந்தார்கள். டாக்டர்களோ அவரை ‘வோல்க்மன் சுருக்கம்’ என்ற நோயின் பெயரால் அறிகிறார்கள்.

அவர் சொன்னது இதுதான்: இறுக்கமான கட்டினால் ரத்தம் தடைப்பட்டுத் தசை செத்துப்போகிறது.

முன்கைத் தசைகளைச் சுற்றி ஓர் உறுதியான சவ்வு உறை இருக்கிறது. அது ரப்பர்போல விரிந்து கொடுக்காது. எலும்பு முறிந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது, தசை வீங்குகிறது. உறை விரிவதில்லை. அதன் மேல் நாமும் ஒரு கட்டை இறுக்கிவிட்டால்? உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ரத்தம் தசைக்குள் போக முடியாமல் திணறுகிறது. குழந்தைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே முறிகிற முறிவில் இன்னும் ஓர் ஆபத்து. கையின் பெரிய ரத்தக்குழாய் அந்த இடத்துக்கு முன்னால்தான் ஓடுகிறது. முறிந்த எலும்பின் முனை அதை நசுக்கிவிடலாம்.

ரத்தம் இல்லாமல் தசை ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் தாங்கும். அதற்குப் பிறகு அது சாகத் தொடங்கிவிடும். செத்த தசை தழும்பாகிச் சுருங்கும். சுருங்கினால் நாண்களை இழுக்கும். பொம்மையின் கயிறு குட்டையாகிப்போனால் பொம்மை எப்படிக் கையை நீட்டும்?

நாட்டுக் கட்டுக்கு மட்டுமே இந்த ஆபத்து என்று யாரும் எண்ண வேண்டாம். ஆஸ்பத்திரியில் போடுகிற மாவுக்கட்டும், உள்ளே வீக்கம் ஏறினால் இறுகிவிடும். வித்தியாசம் என்னவென்றால், விஷயம் தெரிந்தவர்கள் முதல் நாளிலேயே முழுக்க மூடிக் கட்டுவதில்லை. வீக்கத்துக்கு இடம் விட்டு, பாதிக் கட்டாகப் போடுவார்கள். ‘விரல்களைக் கவனியுங்கள்’ என்றும் சொல்லி அனுப்புவார்கள்.

விரலைப் பாருங்கள்

எதைக் கவனிப்பது? இதற்குப் படிப்பு வேண்டாம். தாயின் கண் போதும்.

விரல் நுனி வெளுத்திருக்கிறதா, நீலம் பாரித்திருக்கிறதா? மற்றக் கையைவிடச் சில்லென்று இருக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும்; சிவக்கிறதா? தொட்டால் தெரிகிறதா, மரத்திருக்கிறதா? எல்லாவற்றையும்விட முக்கியமானது வலி. எலும்பை அசையாமல் கட்டிய பிறகு வலி குறைய வேண்டும். குறையாமல் மேலும் மேலும் ஏறினால், மருந்துக்கும் அடங்காவிட்டால், மடங்கிய விரலை நீங்கள் மெல்ல நீட்டும்போது குழந்தை துடித்தால், அது ஆபத்தின் முதல் மணி. வெளுப்பும் மரப்பும் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடு இரவாக இருந்தாலும் கட்டுப் போட்ட இடத்துக்கே ஓடுங்கள். கட்டைத் தளர்த்த வேண்டும். அதிலும் தீராவிட்டால் தசையின் உறையைக் கீறி அழுத்தத்தை இறக்குவார்கள். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் கையைக் காப்பாற்றுவது அந்தக் கீறல்தான்.

விழுந்தவுடன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வளையல், மோதிரம், காப்பு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழலாது. கை எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு மடித்த செய்தித்தாளையோ அட்டையையோ அணை கொடுத்து, துண்டினால் தளர்வாகக் கட்டுங்கள். நேராக்க முயல வேண்டாம். எண்ணெய் போட்டு நீவவே வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். ஆகையால் டாக்டரைக் கேட்காமல் சோறு, பால் எதுவும் கொடுக்க வேண்டாம். பசிக்கிறதே என்று அழும் குழந்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள்!

மூக்குப்பொடிக் குழி

இனி வாலிபர்கள். கட்டைவிரலை மேலே தூக்கி விறைப்பாக வையுங்கள். மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு நாண்கள் எழும்பி, நடுவில் ஒரு குழி விழும். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் அதில் மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சினார்களாம். டாக்டர்கள் இன்றும் அதற்கு ‘மூக்குப்பொடிப் பெட்டி’ என்றே பெயர் சொல்கிறார்கள்.

அந்தக் குழிக்கு அடியில் படகு வடிவத்தில் ஒரு சின்ன எலும்பு. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுகிறவர்களுக்கும், பந்து பிடிக்கப் பாய்கிறவர்களுக்கும் இது முறிகிறது. வீக்கம் அதிகம் இருக்காது. முதல் நாள் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம். ‘சுளுக்குத்தான்’ என்று விட்டுவிடுவார்கள். இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கமாகப் போய்த் திரும்பி வருகிறது. முறிந்தால் பின்பாதிக்கு ரத்தம் கிடைக்காமல் எலும்பு செத்துவிடக் கூடும். ஆகவே விழுந்த பிறகு அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறது என்றால், கட்டுப் போட்டுக்கொண்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடியும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பாட்டிக்கு மணிக்கட்டு

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு மெலிகிறது. ஈரமான குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றினால், மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து, கை முள்கரண்டியின் முதுகுபோல வளைகிறது. டப்ளின் நகரத்து டாக்டர் ஆபிரகாம் காலிஸ் இதை 1814-ல் எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல்தான்! கையால் தொட்டுப் பார்த்தே அவ்வளவும் சொன்னார். ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்து எடுத்த புகழ்பெற்ற முதல் படமும் ஒரு கைதான். அவருடைய மனைவியின் கை, விரலில் மோதிரத்தோடு!

பாட்டிமார்கள் கட்டுப் போட்டதும் கையைக் கழுத்தில் தொங்கவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். அது தவறு. கட்டுக்கு வெளியே உள்ள விரல்களையும் தோளையும் தினமும் அசைக்க வேண்டும். இல்லாவிட்டால் மணிக்கட்டு கூடுவதற்குள் தோள் பிடித்துக்கொள்ளும். பிறகு தலை வாரக் கை தூக்க முடியாது.

தோளைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னத் தட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்ததுபோன்ற மூட்டு அது. அதனால்தான் எல்லாப் பக்கமும் சுழல்கிறது. அதனால்தான் சுலபமாக நழுவியும் விடுகிறது. நழுவிய தோளைத் தெருவில் நின்று யாரும் இழுத்துப் பார்க்கக் கூடாது. கூடவே முறிவும் இருக்கலாம். பக்கத்தில் ஓடும் நரம்பும் அடிபடலாம்.

விழாமலே வருவது ஒன்று உண்டு. பஸ் கிளம்புகிறது. அம்மா அவசரத்தில் குழந்தையின் ஒரு கையைப் பிடித்து மேலே தூக்குகிறாள். அவ்வளவுதான். குழந்தை கையைத் தொங்கவிட்டு அழுகிறது. அந்தக் கையை அசைக்கவே மாட்டேன் என்கிறது. ஒன்று முதல் நாலு வயசு வரை முழங்கையில் உள்ள பட்டை தளர்வாக இருப்பதால், முன்கை எலும்பின் தலை அதிலிருந்து சற்று நழுவிவிடுகிறது. வீக்கம் இல்லை; விழவும் இல்லை. டாக்டர் கையை ஒரு திருப்புத் திருப்பி மடக்குவார். ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள், பெரும்பாலும் குழந்தை அதே கையை நீட்டி பிஸ்கட் கேட்கும்.